பதினாறாவது ஆள்

கையில வச்சிருக்கது அந்தக் கப்பல் கம்பெனி நோட்டீஸ்தான தம்பி? பஸ் ஏறுனதுல இருந்து பாக்கேன், மடக்குதீங்க, பிரிக்கீங்க, மறுபடி மடக்குதீங்க. யாருக்கு, அப்பா அம்மாவுக்கா? நல்ல காரியம். அப்ப என்கிட்டதான் கேக்கணும். நான் அதுல போயிட்டு வந்தவன். கம்பெனி புதுசா ஆரம்பிச்சு மூணாவது தடவ விட்டப்பவே போயாச்சு, இந்த வருஷம் தை மாசம். தூத்துக்குடியில ஏத்தி, கொழும்பு, காலி, திரிகோணமலைன்னு சுத்திக் காட்டி, அஞ்சாம் நாளு மறுபடி தூத்துக்குடியிலயே எறக்கி விட்டான். பாளையங்கோட்டை போயிச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்லா? நெறையும் சொல்லுதேன், கொறையும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

மொதல்ல நெற. கப்பல்னா தோணியக் கொஞ்சம் பெருசாக்குன மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது ஒரு தெரு தம்பி. ஒம்பது மாடி, நாலு லிஃப்டு, உள்ளயே சினிமாக் கொட்டக. ஒரு ஆளு தெனம் ரெண்டு தடவ வந்து படுக்கைய விரிச்சு, துண்ட அன்னப்பறவ மாதிரி மடிச்சு வச்சிட்டுப் போவான். எங்க வீட்ல அதக் கலைக்க மனசு வராம, ஊர்ல இருந்து கொண்டு போன ஈரிழத் துண்டுலயே அஞ்சு நாளும் தொடச்சுக்கிட்டா. சாயங்காலம் பால்கனியில நாற்காலியப் போட்டு உக்காந்தா முன்னால கடல் மட்டுந்தான். அறுபத்தெட்டு வயசுல அப்படி ஒரு எடத்துல நான் சும்மா உக்காந்ததே கெடையாது.

ஆமா, எனக்குப் பால்கனி ரூமு. அது எப்படிக் கெடச்சதுன்னு சொல்லுதேன், அங்கதான் விஷயமே இருக்கு. அதுக்கு முந்தி சின்னக் கொறைகளச் சொல்லிருதேன். காப்பி வாயில வைக்க முடியாது. ஏ.சி.ய அடக்கத் தெரியாம மொத நாளு நாங்க ரெண்டு பேரும் குல்லா போட்டுப் படுத்தோம். ஏறுன அன்னைக்கே சங்கு ஊதி, எல்லாருக்கும் ஆரஞ்சு நெறத்துல சட்டைய மாட்டி மேல் தளத்துல நிக்க வச்சான். ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு பயிற்சியாம். எங்க கூட்டத்துல ஒரு அம்மா கப்பல் முங்குதுன்னே நெனச்சு, தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒரே அழுக. அது கடைசி நாள் வரைக்கும் எங்களுக்குச் சிரிப்பு.

இதெல்லாம் போகட்டும். பெரிய கொற ஒண்ணு இருக்கு. அது கம்பெனி மேலயா என் மேலயான்னுதான் பத்து மாசமா எனக்குப் பிடிபடல. கம்பெனி மேலதான். இருந்தாலும் நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நாங்க பாளையங்கோட்டையில காலையில மைதானத்தச் சுத்தி நடக்குத கூட்டம். கம்பெனி ஏஜெண்டு எங்ககிட்ட வந்து, பதினாறு பேரச் சேத்துக் குடுத்தா சேத்துக் குடுக்கவருக்குச் சாதா ரூமுக்குப் பதிலா பால்கனி ரூமுன்னு சொன்னான். நான் டெலிபோன்ஸ்ல முப்பத்தாறு வருஷம் இருந்தவன், பேசி ஆளச் சேக்குறதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? ஒரே வாரத்துல பதினஞ்சு பேரு சேந்துட்டாவ. பூரா சைவம். அதனால சாப்பாட்டப் பத்தி ஏஜெண்டுகிட்ட துருவித் துருவிக் கேட்டேன். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி மேசைன்னு சத்தியம் பண்ணுனான். பதினாறாவது ஆளுதான் அமையல.

எங்க அடுத்த வீட்டுக்காரரு பேரு குத்தாலிங்கம். குத்தாலம்னு கூப்பிடுவோம். திருநெல்வேலி ஜங்ஷன்ல பாத்திரக்கட வச்சிருந்தாரு, இப்ப வித்தாச்சு. முப்பது வருஷமா மதிலுக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். அவரு சைவம்னா சாதாரணச் சைவம் இல்ல. அசைவம் போடுத ஓட்டல்ல காப்பி கூடக் குடிக்க மாட்டாரு. ரயில்ல எதுத்த சீட்டுல ஒருத்தன் முட்டைய உரிச்சான்னு எந்திரிச்சு அடுத்த பெட்டிக்குப் போயி நின்னுக்கிட்டே வந்தவரு. அவரு சம்சாரம் உலகம்மை, எனக்கு மதினி மாதிரி, நாங்க கப்பலுக்குப் போறதுக்குப் பதினாலு மாசம் முந்தி தவறிட்டாவ. அதுக்குப் பொறகு மனுஷனுக்குச் சாப்பாடு எறங்கல. காலையில ஒரு இட்லி, அதுலயும் பாதி. சட்ட தோள்ல நிக்காம நழுவ ஆரம்பிச்சிட்டு.

வருஷ திதி முடியட்டும்னு இருந்து, அது முடிஞ்சதும் போயிக் கூப்பிட்டேன். "வாரும் வே, கடக் காத்து பட்டாப் பசிக்கும்"னேன். "கப்பல்ல எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுவான் நயினாரே, நான் வரல"ன்னாரு. என் பேரு சங்கரநயினாரு. நான் சொன்னேன், "நான் பொறுப்பு வே. ஒம்ம தட்டுல தப்பா ஒரு பருக்க விழாது. விழுந்தா என்னயக் கேளும்." "நீரு சொன்னாச் சரி"ன்னாரு. எதுக்கும் அதத்தான் சொல்லுவாரு, நீரு சொன்னாச் சரி. பதினாறு பேரு ஆச்சு.

அவரு நல்லதுக்குத்தான் கூப்பிட்டேன் தம்பி. பால்கனிக்காகன்னு நெனச்சிராதீங்க. பால்கனியும் இருந்தது, அது வேற.

வேன் பிடிச்சு தூத்துக்குடிக்கு வந்தோம். ஹார்பருக்குப் போற வழியில ஒரு தெரு முக்குல சிக்னல்ல வேன் நின்னது. குத்தாலம் ஜன்னல் பக்கம் இருந்தவரு கண்ண மூடிக்கிட்டாரு. வேன் நகந்த பொறகுதான் தெறந்தாரு. அந்தத் தெருவுலதான் அவரு மக வடிவு இருக்கா. ஒரே மக. தூத்துக்குடிப் பையன் பொன்ராஜ விரும்பிக் கட்டிக்கிட்டா. ஹார்பர்ல வேல, தங்கமான பையன், ஆனா மீன் இல்லாமச் சோறு எறங்காத வீடு. கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு, இவரு அந்த வீட்டுப் படிய மிதிச்சதில்ல. உலகு மதினி செத்தப்ப மக வந்தா, பதினாறு நாளும் இருந்து எல்லாக் காரியமும் பாத்தா. இவரு ஒரு வார்த்த பேசல. அது அவங்க குடும்ப விஷயம். நான் யாரு விஷயத்துலயும் தலையிடுத ஆளு இல்ல.

சரி, கப்பலுக்கு வாங்க. ரெண்டாம் நாளு குத்தாலத்துக்கு ஒரே வாந்தி. வெறும் மோருதான். கூட்டிட்டு வந்தவன் நான்லா, மோர நானே கொண்டு போயிக் குடுத்தேன். மூணாம் நாளு காலையில கடல் அடங்கிட்டு. எங்க மேசையில இடியாப்பமும் தேங்காப்பால் சொதியும் வச்சிருந்தான். கப்பல்ல சொதியப் பாத்ததும் எங்க ஆளுக்களுக்கு மறுவீட்டு விருந்துக்கு வந்த சந்தோஷம். பக்கத்துக் கிண்ணத்துல வெங்காயத்தச் செவக்க வதக்கி, வத்தல், புளி, கொஞ்சம் சீனி போட்டுச் சுருட்டி எடுத்தது ஒண்ணு இருந்தது. சீனிச் சம்பல்னு அட்ட வச்சிருந்தான், சிலோன் பக்கத்துப் பண்டமாம். அட்டையில சைவத்துக்குப் போடுத பச்சப் புள்ளி. எல்லாரும் எடுத்துட்டுப் போயி, கிண்ணம் காலியாகி, மறுபடி கொண்டாந்து ரொப்புனாங்க. குத்தாலம் கடைசியா வந்தாரு. வெரல்ல தொட்டு நாக்குல வச்சாரு. அப்படியே நின்னுட்டாரு.

"என்ன வே இது"ன்னாரு. உக்காந்தாரு. ஒரு இடியாப்பம், ரெண்டு, நாலு. பதினாலு மாசமா பாதி இட்லி தின்ன மனுஷன் தம்பி. தட்ட வழிச்சிட்டு என்னப் பாத்துச் சிரிச்சாரு. "நயினாரே, ஒம்ம பேச்சக் கேட்டு வந்தது வீண் போகல"ன்னாரு. எனக்கு அப்ப எப்படி இருந்தது தெரியுமா? என் தாய் தகப்பன் கூட என்னய அப்படிப் பாராட்டுனதில்ல.

அத்தோட நான் சும்மா இருந்திருக்கணும். மத்தியானமே அடுக்களப் பக்கம் போயி, அந்தச் சம்பல் எப்படிச் செய்யணும்னு கேக்கப் போனேன். சமையக்காரன் நம்ம மணப்பாட்டுக்காரன், பேரு சவரிமுத்து. வெங்காயம் எம்புட்டு, புளி எம்புட்டுன்னு சொல்லிக்கிட்டே வந்தவன், "கடைசியா மாசிய இடிச்சுத் தூவணும் அண்ணாச்சி, அது இல்லாம என்ன சம்பல்"ன்னான். மாசின்னா தெரியும்லா? சூர மீன அவிச்சு, காய வச்சு, கட்ட மாதிரி ஆக்குனது. "நாங்க சைவ மேசைலா வே"ன்னேன். அவன் மொகம் வெளுத்துப் போச்சு. சைவ மேசைக்குத் தனியா மாசி போடாமத்தான் செஞ்சிருக்கான். அது தீந்ததும், பரிமாறுத ஆளு அவசரத்துல அடுத்த மேசைக் கிண்ணத்த எடுத்து ரொப்பிட்டான். அந்த ரெண்டாவது கிண்ணத்துலதான் குத்தாலம் சாப்பிட்டது.

"எழுதிக் குடுத்துராதீங்க அண்ணாச்சி, புதுக் கம்பெனி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவான், எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள"ன்னு கையப் பிடிச்சான். நான் என்ன செய்ய? ஒருத்தன் பொழப்பக் கெடுக்கலாமா? அதனாலதான் சொல்லல. குத்தாலத்துக்கும் தெரிஞ்சா மனுஷன் கடல்ல குதிச்சாலும் குதிப்பாரு. அதனாலயும் சொல்லல. மத்தப் பதினஞ்சு பேருக்குத் தெரிஞ்சா கூட்டிட்டு வந்தவன யாரு மதிப்பா. அது ஒரு பெரிய விஷயம் இல்ல, சும்மா சொல்லுதேன்.

நீங்களும் அத எடுத்தீங்களான்னு கேக்கீங்களா? ஒரு கரண்டி. தெரியாமத்தான். ரெண்டாவது கிண்ணமா மொதக் கிண்ணமான்னு இப்ப ஞாபகம் இல்ல. ருசி இருக்கத்தான் செய்தது.

இம்புட்டோட நின்னிருந்தா, தெரியாம நடந்ததுன்னு சாமிகிட்ட சொல்லித் தப்பிச்சிருப்பேன். மறுநாள் காலையில நடந்ததுதான் பாவம். சவரிமுத்து உஷாராகி, எங்க மேசையில மாசி இல்லாத சம்பல மட்டும் வச்சு, பக்கத்துலயே ஆளையும் நிறுத்திட்டான். குத்தாலம் எல்லாருக்கும் முந்தி வந்து உக்காந்திருக்காரு, குளிச்சு, திருநீறு பூசி. ஒரு வாய் வச்சாரு. மொகம் சுண்டிப் போச்சு. "இன்னைக்கு என்னமோ கொறையுது வே"ன்னுட்டு தட்ட நகட்டி வச்சிட்டாரு. ஒரு இடியாப்பம் கூட முடிக்கல. ஜன்னல் வழியா கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

நான் எந்திரிச்சேன். ஒரு சின்னக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். அங்கன மீன் படம் போட்ட அட்டையே வச்சிருக்கான், நான் பாத்துக்கிட்டேதான் அள்ளுனேன். கொண்டாந்து அவரு தட்டுல நானே வச்சேன். "இத சாப்பிட்டுப் பாரும், இப்பத்தான் எறக்குனதாம்"னேன். சாப்பிட்டாரு. அஞ்சு இடியாப்பம். மறுநாள் எறங்குற அன்னைக்கும் அதே மாதிரி.

ரெண்டு நாளு தம்பி. தெரிஞ்சே.

ஆனா அன்னைக்குச் சாயங்காலம் அவர என் பால்கனிக்குக் கூட்டிட்டு வந்தேன். மதினி செத்த பொறகு மொதத் தடவையா அவங்களப் பத்திப் பேசுனாரு. "உலகு இருந்தா இத ரெண்டு தடவ தின்னு பாப்பா, மூணாந்தடவ அவளே செஞ்சிருவா"ன்னாரு. சொல்லிட்டு அழுதாரு, அழுதுட்டுச் சிரிச்சாரு. நானும் அழுதேன். அந்த நேரத்துல போயி மீனுன்னு எப்படிச் சொல்ல? நீங்களா இருந்தாச் சொல்லிருவீங்களா?

ஊருக்கு வந்தோம். வந்த மறு வாரமே பழையபடி பாதி இட்லி. இந்தத் தடவ ஒரு ஏக்கமும் சேந்துக்கிட்டு, அந்தச் சம்பல் வேணும்னு. எங்க வீட்ல செஞ்சு குடுத்தா. எதுத்த வீட்டுல செஞ்சாங்க. சமையலுக்கு ஆளு வச்சுச் செஞ்சாரு. எதுலயும் அந்த ருசி இல்ல. எப்படி இருக்கும்? சித்திரையில ஒரு நாளு மைதானத்துல நடக்கும்போதே மயங்கி விழுந்துட்டாரு. டாக்டரு ஒண்ணும் இல்ல, பட்டினின்னுட்டாரு.

அப்பதான் நான் இந்தத் தூத்துக்குடி பஸ்ஸுல ஏறுனது. எங்க வீட்டுக்குள்ள மாசியக் கொண்டு போனா எங்க வீட்ல என்னயும் சேத்து வெளிய தள்ளிருவா. மாசி போட்டுச் சமைக்கத் தெரிஞ்ச, குத்தாலத்து மேல பாசம் உள்ள ஆளு ஒலகத்துலயே ஒண்ணுதான். வடிவு வீட்டுக் கதவத் தட்டுனேன். பன்னெண்டு வருஷத்துல மொதத் தடவ. "மாமா, வாங்க"ன்னா. நாற்காலியத் தொடச்சுப் போட்டா. தண்ணி கொண்டாந்தா. நான் வேண்டாம்னுட்டேன். பழக்கம், என்ன செய்ய. வயித்துக்குச் சரியில்லன்னு சொல்லிட்டேன்.

விஷயத்தச் சொன்னதும் அவ முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதா. அப்பா மீன் சாப்பிட்டாங்களேன்னு அழுகுதாளாக்கும்னு நெனச்சேன். "இல்ல மாமா, என் கையால செஞ்சது அப்பா வாயில போகப் போகுதே"ன்னா. ஒடனே வெங்காயம் அரியப் போயிட்டா. "அப்பாவுக்கு நீளமா அரியணும், பொடிசா இருந்தாப் பிடிக்காது"ன்னு எனக்கே சொல்லுதா. ஒரு பாட்டில் நெறயப் போட்டுக் குடுத்தா.

அதுல இருந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வாரேன், வாங்கிட்டுப் போறேன். குத்தாலத்துகிட்ட, சிலோன்ல இருந்து வந்து நம்ம ஊர்ல குடியிருக்க ஒரு சைவக் குடும்பம், அந்த அம்மா செஞ்சு குடுக்காவன்னு சொல்லி வச்சிருக்கேன். நல்லா ஏறிட்டாரு தம்பி, ஆறு கிலோ. சட்ட தோள்ல நிக்குது. ஒவ்வொரு தடவையும் பாட்டில வாங்கும்போது, "அந்த அம்மாவுக்குப் புண்ணியமாப் போகும் வே"ன்னு சொல்லுவாரு. நான் அத அப்படியே வடிவுகிட்ட வந்து சொல்லுவேன். அது ஒண்ணுதான் நான் அவளுக்குக் குடுக்குத கூலி.

மொதத் தடவையே அவ என்கிட்ட ஒண்ணு கேட்டா. "மீன் சாப்பிட்ட எங்கப்பாவ நீங்க ஒதுக்கலைலா மாமா, ஒங்க வீட்டு மதில் தாண்டி வந்தாப் பேசத்தான செய்தீங்க. பொறகு எங்க வீட்ட மட்டும் எதுக்கு ஒதுக்குனாங்க?" கோவமாக் கேக்கல, சும்மா சந்தேகம் கேக்குத மாதிரி கேட்டா. "அந்தக் காலம் அப்படிம்மா"ன்னேன். என்ன அந்தக் காலம், பன்னெண்டு வருஷம் ஒரு காலமா?

இன்னைக்கு உலகு மதினிக்கு ரெண்டாவது வருஷத் திதி. சுமங்கலியாப் போனவங்கல்லா, அதனால திதி அன்னைக்கு ஒரு சுமங்கலியக் கூட்டி வச்சுச் சாப்பாடு போட்டு, சேல, மஞ்சள், குங்குமம் குடுக்கது அவங்க வீட்டு வழக்கம். போன வாரம் குத்தாலம் ஒரு சேலையத் தூக்கிட்டு வந்தாரு. "எடுத்துட்டேன் வே, உலகுக்குப் பிடிச்ச மயில் கழுத்துக் கலரு. அந்தச் சிலோன் அம்மாவத்தான் இந்த வருஷம் உக்கார வைக்கணும். என்னய மனுஷனாக்குனது அவங்கதான். நீரு கூட்டிட்டு வந்துரும்"னாரு. இல்லாத அம்மாவ எங்க போயிக் கூட்டிட்டு வர?

மறைப்பானேன், தெரிஞ்ச ஒரு அம்மாவ சிலோன்னு சொல்லச் சொல்லி நடிக்க வைக்கலாமான்னு கூட யோசிச்சேன். பேசியும் பாத்தேன். அந்த அம்மா திதியில போயா பொய்யின்னு சொல்லிட்டாவ. வேற வழியில்லாம நேத்து வடிவுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "வாங்க மாமா, காலையில மொத பஸ்ஸுக்கு வாங்க"ன்னா. வந்தேன். பட்டுச் சேல உடுத்தி, பூ வச்சு, கிளம்பி நிக்கா. "அந்தச் சேல எனக்குத்தான மாமா"ன்னா.

அந்தா, மூணு சீட்டுக்கு முன்ன, பச்சச் சேலை, ஜன்னல் பக்கம். அதுதான் வடிவு. மெதுவாப் பேசுவோம்.

மீன் விஷயத்தையும் அவளே சொல்லிக்கிடுதாளாம். "அப்பாகிட்ட, நான்தான் தெரிஞ்சே மாசி போட்டேன்னு சொல்லிருதேன். கப்பல்ல நடந்தது ஒங்களோட இருக்கட்டும் மாமா. ஏசுனா என்னய ஏசட்டும், எனக்குப் பழக்கந்தான"ன்னு பஸ்ஸ்டாண்டுல வச்சுச் சொன்னா. சொல்லிட்டு, அத்தன பேரு முன்னால, குனிஞ்சு என் கால்ல விழுந்தா தம்பி. "நீங்க இல்லன்னா எங்கப்பா எனக்குக் கெடச்சிருக்க மாட்டாங்க"ன்னா. எனக்கு என் காலு கூசுது இன்னும். இந்தா, செருப்புக்குள்ள வெரல மடக்கி வச்சிருக்கேன் பாருங்க.

வல்லநாடு தாண்டிட்டா? சரி. அப்ப மிச்சத்தையும் சொல்லிருதேன்.

வடிவுக்கு மொதப் பிள்ள பொறந்து வருஷம் நெறஞ்ச அன்னைக்கு, குத்தாலமும் மதினியும் தூத்துக்குடிக்கு வாரதுக்குக் கிளம்பிட்டாவ. ஆமா, கிளம்பிட்டாவ. குத்தாலம் கோவம் ரெண்டு வருஷந்தான் இருந்தது, பேத்தி மொகத்தப் பாக்கணும்னு மனசு மாறிட்டாரு. பாளை பஸ்ஸ்டாண்டுல மதினி பஸ்ஸுல ஏறி, ரெண்டு பேருக்கும் எடம் போட்டு உக்காந்திருந்தாவ. இவரு கீழ நின்னு பழம் வாங்கிட்டு இருந்தாரு. சட்டப் பையில வெள்ளிக் கொலுசு. நான் எதேச்சையா அந்தப் பக்கம் போனேன். எடுத்துக் காட்டுனாரு, சின்னப்பிள்ள மாதிரி. நான் சொன்னேன், "போறது ஒம்ம இஷ்டம் வே, நான் யாரு விஷயத்துலயும் தலையிடுத ஆளு இல்ல. ஆனா அந்த வீட்டுல ஒரு மடக்குத் தண்ணி குடிச்சீருன்னா, பொறகு எங்க வீட்டுப் படி ஏறாதயும்."

ஏன் சொன்னேன்? அப்ப என் மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்தோம். ஒட்டுன மதில், ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் பழகுதவங்க, பாக்க வாரவங்க ஏதாவது சொல்லிருவாங்களோன்னு. இப்ப என் மக பெங்களூருல கோழி திங்கா. அத விடுங்க.

பாதி வெளாட்டாத்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவரு சிரிக்கல. கொலுசத் திருப்பிப் பையில போட்டாரு. "நீரு சொன்னாச் சரி"ன்னுட்டு, ஜன்னல் பக்கம் போயி மதினிய எறங்கச் சொன்னாரு. அவங்க என்ன ஏதுன்னு கேக்கல. என்னப் பாத்தாவ, எறங்குனாவ. வீடு வரைக்கும் நான் அவங்களோடதான் நடந்து வந்தேன். அதுக்குப் பொறகு எட்டு வருஷம் இருந்தாவ மதினி, எங்க வீட்டுக்கு எல்லா விசேஷத்துக்கும் வந்தாவ, மக வீட்டுக்கு ஒரு தடவ கூடப் போகாமச் செத்துப் போனாவ.

அன்னைக்கு வடிவு கேக்கு வெட்டாம ராத்திரி வரைக்கும் பிள்ளையத் தூக்கிட்டு வாசல்லயே நின்னாளாம். இப்ப பஸ் ஏறும்போது சொல்லுதா. "பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வந்தாங்களாம் மாமா, அம்மாதான் போன்ல சொன்னா. அதுக்கு மேல கேட்டா அழுவா. அப்பாவுக்கு என் பிள்ளையப் பாக்கக் கூட மனசு வரலன்னு பத்து வருஷமா வெறுத்துப் போயிருந்தேன். இன்னைக்கு எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லணும்"ங்கா. மன்னிச்சிட்டேன்னு அவர்கிட்ட போயிச் சொல்லப் போறா தம்பி. செய்யாத தப்புக்கு.

குத்தாலமும் யார்கிட்டயும் சொல்லல. மதினி கிட்டயும் பெத்த மக கிட்டயும், நயினார்தான் தடுத்தாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு. சொல்லல. நான் அவருக்கு மீனத் தெரிஞ்சே போட்டேன், அவரு எனக்காக மகளையே விட்டுட்டு இருந்திருக்காரு.

நீங்க அப்பா அம்மாவ அனுப்புங்க தம்பி, நல்ல கப்பலுதான். கொறன்னு நான் சொன்னதெல்லாம் கம்பெனி மேல இல்ல. இப்ப ஒரு ஒத்தாச செய்யுங்க. எந்திரிச்சு அந்த முன் சீட்டுல போயி உக்காந்துக்கிடுங்க, நான் அவள இங்கன கூப்பிடணும். பாளை வாரதுக்குள்ள சொல்லிரணும். வீட்டுக்குப் போயிச் சொல்லலாம்னு விட்டா, வாயத் தெறக்கதுக்குள்ள குத்தாலம் குறுக்க வந்து, நயினாரு ஒண்ணும் சொல்லல, நானாத்தான் வரலன்னு சொல்லிருவாரு. அவளும் நம்பிருவா. எனக்கும் அது சௌகரியமா இருக்கும், நான் தலையாட்டிருவேன். என்னய எனக்குத் தெரியும்லா.

எந்திரிங்க தம்பி. வடிவு, இங்கன வாம்மா. வந்து மாமா பக்கத்துல உக்காரு.